வெப்ப வியாழன்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சூரியனைத் தவிர்த்த பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தாய் விண்மீனை ஒட்டியே சுற்றிவரும் ராட்சத வாயுக்கோள்களைப் பற்றித்தான் அதிகமான ஐயங்கள் வருகின்றன. அவற்றுள் அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தத் தகவல் நேரடியாக அளக்கப்பட்டது, எது கணக்கிட்டு ஊகிக்கப்பட்டது என்பதை இயன்றவரை பிரித்துக் காட்டியுள்ளேன். இந்தத் துறையில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி அவ்விரண்டையும் ஒன்றாகப் படிப்பதால் வருகிறது என்பது என் எண்ணம்.

வெப்ப வியாழன் என்றால் என்ன? நம்முடைய வியாழனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பொருளில் ஒத்தவை, இருக்கும் இடத்தில்தான் வேறுபாடு. வியாழனைப் போலப் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆன ஒரு பெருங்கோள், தன் விண்மீனைப் பத்து நாளுக்கும் குறைவான காலத்தில் ஒருமுறை சுற்றிவந்தால் அதை வெப்ப வியாழன் என்று அழைக்கிறார்கள். நம் வியாழன் சூரியனிலிருந்து ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. வெப்ப வியாழன்களில் முதலில் அறியப்பட்ட 51 பெகாசி பி தன் விண்மீனிலிருந்து வெறும் 78 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 4.23 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன்கூட 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதன் ஆண்டு 88 நாள்.

அந்த நெருக்கத்தில் 51 பெகாசி பி மீது விழும் ஒளியாற்றல் பூமி பெறுவதைப் போல ஏறத்தாழ 500 மடங்கு. கணக்கிட்டால் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வருகிறது.

பெயரின் கடைசியில் வரும் 'பி' எதற்கு? 'ஏ' எங்கே போனது?

'ஏ' விண்மீனுக்கு உரியதாகக் கருதப்படுகிறது. அந்த விண்மீனைச் சுற்றி முதலில் கண்டறியப்பட்ட கோளுக்கு 'பி', அடுத்ததற்கு 'சி' என்று எழுத்துகள் தொடரும். இது கண்டுபிடிப்பின் வரிசையே தவிர, தொலைவின் வரிசை அன்று.

முதல் கோளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தொலைநோக்கியில் நேராகப் பார்த்தார்களா?

பார்க்கவில்லை. கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் இரண்டும் ஒரு பொதுவான நிறைமையத்தைச் சுற்றுகின்றன. ஆகவே விண்மீனும் சிறிதளவு நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருக்கும். அது நெருங்கும்போது அதன் நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டையில், உள்ள கருங்கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் மிக நுட்பமாக நகரும். மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓத்-ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைக்கப்பட்ட எலோடி என்ற நிறமாலைக் கருவியைக் கொண்டு, 51 பெகாசி விண்மீன் வினாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவதை அளந்து, 1995 அக்டோபரில் அறிவித்தார்கள். 2019-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவர்கள் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்தகைய கோள் இருக்கக்கூடும் என்று யாரும் நினைக்கவே இல்லை என்பது சரியன்று. வானியலாளர் ஒட்டோ ஸ்ட்ரூவ 1952-இலேயே, வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவில்) ஐம்பதில் ஒரு பங்கு தொலைவில் ஒரு பெருங்கோள் ஒரே நாளில் விண்மீனைச் சுற்றிவருவதற்குத் தடை எதுவும் இல்லை என்றும், அதை நிறமாலை கொண்டு தேடலாம் என்றும் எழுதியிருந்தார். சூரியக் குடும்பத்தைப் போலத்தான் எல்லாக் குடும்பமும் இருக்கும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்ததால், அந்த யோசனை பெரிதாகக் கவனிக்கப்படாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

அப்படியானால் இணையத்தில் வரும் வண்ணப் படங்கள் எல்லாம்?

ஓவியங்கள். எந்த வெப்ப வியாழனும் இதுவரை தனித்த புள்ளியாகக்கூடப் படம் பிடிக்கப்பட்டதில்லை. விண்மீனின் ஒளி வெள்ளத்திலிருந்து அவ்வளவு நெருக்கத்தில் உள்ள கோளின் ஒளியைப் பிரித்தெடுக்கும் கூர்மை இன்றைய கருவிகளுக்கு இல்லை. நேரடியாகப் படம் எடுக்கப்பட்ட புறக்கோள்கள் உண்டு. எச்ஆர் 8799 விண்மீனைச் சுற்றும் கோள்கள் அதற்கு நல்ல சான்று. ஆனால் அவை விண்மீனிலிருந்து மிகத் தள்ளி இருப்பவை. பிறந்த சூடு ஆறாத இளங்கோள்கள்.

வானத்தில் அது இருக்கும் இடத்தையாவது பார்க்க முடியுமா?

முடியும். 51 பெகாசி ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில், 5.5 என்ற ஒளியளவில் இருக்கிறது. நகர வெளிச்சம் இல்லாத இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இருகண்ணோக்கி இருந்தால் சிரமமே இல்லை. பூரட்டாதி என்று நாம் அழைக்கும் இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதன் மையத்திலிருந்து சற்றே மேற்கே தேடினால் அது அகப்படும். தெரிவது விண்மீன் மட்டும்தான்.

பட்டியலில் இவ்வளவு வெப்ப வியாழன்கள் இருக்கின்றனவே, அப்படியென்றால் அவைதான் பிரபஞ்சத்தில் சாதாரணம், இல்லையா?

இல்லை. சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றில் ஒன்றுக்கோ அதற்கும் குறைவானவற்றுக்கோதான் வெப்ப வியாழன் உண்டு. அவை பட்டியலில் மிகுந்திருப்பதற்குக் காரணம், தேடும் முறைகள் இரண்டுமே அவற்றுக்குச் சாதகமாக இருப்பதுதான். விண்மீனின் ஆட்டத்தை அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வியாழன் சூரியனை அசைக்கும் வேகம் வினாடிக்கு 12.5 மீட்டர், அதுவும் முழுமையாகத் தெரியப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 51 பெகாசி பி-யோ வியாழனின் நிறையில் பாதியளவே இருந்தும் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் ஆட்டி, நான்கே நாளில் கணக்கை முடித்துக் காட்டுகிறது.

கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி குறைவதைக் கவனிக்கும் கடப்பு முறையிலும் இதே நிலைதான். சூரியனைப் போன்ற விண்மீனிலிருந்து 0.05 வானியல் அலகு தொலைவில் உள்ள கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமையும் வாய்ப்பு பத்தில் ஒன்று; வியாழனின் தொலைவில் உள்ள கோளுக்கு அது ஆயிரத்தில் ஒன்று. எளிதில் அகப்படுவதும் எண்ணிக்கையில் மிகுந்திருப்பதும் வேறு வேறு. புறக்கோள் புள்ளிவிவரம் எதைப் படித்தாலும் இந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

விண்மீனே துடித்தாலும் கோடுகள் நகருமே? கோள்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

மிக நியாயமான கேள்வி. வானியலாளர்களே இதை எழுப்பினார்கள். 51 பெகாசியின் நிறமாலைக் கோடுகளின் வடிவமும் மாறுவதாகத் தோன்றுகிறது, ஆகவே இது விண்மீனின் துடிப்பாக இருக்கலாம் என்று டேவிட் கிரே 1997-இல் எழுதினார். மேலும் துல்லியமான அளவீடுகளில் அந்த மாற்றம் காணப்படாததால் அடுத்த ஆண்டே அந்த வாதம் கைவிடப்பட்டது. ஆனாலும் ஒரே ஒரு வகைச் சான்றை மட்டும் நம்பியிருக்கிறோம் என்ற குறை நீடித்தது.

அதைத் தீர்த்தது எச்டி 209458 பி என்ற வெப்ப வியாழன். விண்மீனின் ஆட்டத்தைக் கொண்டு, அதன் கோள் எந்த நேரத்தில் நமக்கும் விண்மீனுக்கும் நடுவே வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. 1999-இல் டேவிட் ஷார்போனோவும் அவருடைய குழுவினரும் 10 சென்டிமீட்டர் விட்டமே உள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு, கணித்த நேரத்தில் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைந்து, மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு மீள்வதைப் பதிவுசெய்தார்கள். கிரெக் ஹென்றியின் குழுவும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டது. இரண்டு வேறுபட்ட முறைகள் ஒரே நேரத்தைச் சுட்டிய பிறகு, துடிப்பு என்ற விளக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

பார்க்கவே முடியாத கோளின் காற்றில் சோடியம் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

மேலே சொன்ன கடப்பின்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி கோளின் விளிம்பில் உள்ள வளிமண்டலத்தினூடே புகுந்து நம்மை வந்தடைகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களை விழுங்கும். ஆகவே அந்த அலைநீளங்களில் பார்த்தால் கோள் சற்றே பெரிதாகத் தெரியும். ஹபிள் தொலைநோக்கி எச்டி 209458 பி-யில் சோடியத்தைக் கண்டறிந்தது இப்படித்தான். 2001-இல் அறிவிக்கப்பட்ட அதுவே புறக்கோள் ஒன்றின் வளிமண்டலத்தை முதன்முதலாக ஆராய்ந்த அளவீடு. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39 பி-யில் கரியமில வாயுவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அதே கோளில் கந்தக டையாக்சைடும் தென்பட்டது. விண்மீனின் ஒளி பட்டு நிகழும் வேதிவினைகளால் உருவாகும் பொருள் அது என்பதால், எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

அவ்வளவு சூட்டில் வாயுக்கோள் முழுவதும் ஆவியாகிப் போய்விடாதா?

ஆவியாகிறது; ஆனால் தீர்ந்துபோகும் அளவுக்கு இல்லை. 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஹைட்ரஜன் அணுக்களின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். வியாழன் அளவுள்ள கோளின் பிடியிலிருந்து தப்ப வேண்டுமானால் வினாடிக்கு 60 கிலோமீட்டர் வேண்டும். எனவே கோளின் பெரும்பகுதி தன் ஈர்ப்பிலேயே உறுதியாகக் கட்டுண்டு கிடக்கிறது.

மேல் அடுக்குகளின் கதை வேறு. விண்மீனின் புற ஊதாக் கதிர்கள் அவற்றைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்குவதால் அங்கிருந்து வாயு வெளியே பாய்கிறது. எச்டி 209458 பி-யிலிருந்து ஹைட்ரஜன் இவ்வாறு தப்பிச்செல்வதை 2003-இல் ஹபிள் அளவீடுகள் காட்டின. இழப்பின் அளவு வினாடிக்குக் குறைந்தது பத்தாயிரம் டன் என்று மதிப்பிடப்பட்டது. திகைப்பூட்டும் எண்தான், ஆனால் அதே வேகத்தில் 500 கோடி ஆண்டுகள் இழந்தாலும் கோளின் நிறையில் குறைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு என்பது உண்மையா?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இயற்பியல் சொல்கிறது. விண்மீனின் ஓத விசை, அதாவது அருகில் உள்ள பக்கத்தையும் தொலைவில் உள்ள பக்கத்தையும் வெவ்வேறு வலிமையுடன் இழுக்கும் வேறுபாடு, கோளின் தற்சுழற்சியைத் தடுத்துத் தடுத்து, கடைசியில் அதைச் சுற்றுக்காலத்துக்குச் சமமாக்கிவிடும். நிலாவின் ஒரே முகத்தை நாம் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் மிகச் சூடான இடம் விண்மீன் நேர் உச்சியில் நிற்கும் இடத்தில் இருப்பதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வீசும் காற்று அந்த வெப்பத்தைக் கிழக்கே தள்ளிவிடும் என்று ஆடம் ஷோமனும் திரிஸ்தான் கியோவும் 2002-இல் கணித்தார்கள். 2007-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி எச்டி 189733 பி-யை அரைச் சுற்றுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து, அதன் அகச்சிவப்பு ஒளி ஏறி இறங்குவதைக் கொண்டு ஒரு வெப்ப வரைபடம் தயாரிக்க உதவியது. சூடான பகுதி கணித்தபடியே கிழக்கே விலகியிருந்தது. இரவுப் பக்கமும் பகல் பக்கத்தைவிட 240 டிகிரி அளவுக்கே குறைவாக இருந்தது. அந்த இரவிலும் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் கொதிக்கிறது.

இரும்பு மழை பெய்யும் கோள் என்று செய்தி வந்ததே?

அது வாஸ்ப்-76 பி. அங்கே அளக்கப்பட்டது மழை அன்று. 2020-இல் வெளியான ஆய்வில், கோளின் மாலை விளிம்பில் (பகல் முடிந்து இரவு தொடங்கும் ஓரத்தில்) இரும்பு ஆவியின் தடயம் தெளிவாக இருந்ததும், இரவு முடியும் காலை விளிம்பில் அது காணப்படாததும் தெரியவந்தன. இரவுப் பக்கம் வழியாகச் செல்லும்போது ஆவி குளிர்ந்து துளிகளாகி இறங்கியிருக்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிவு. அதே அளவீட்டுக்கு மேகங்களைக் காரணமாகக் காட்டும் விளக்கங்களும் பின்னர் வந்துள்ளன. இரும்பு அங்கே ஆவியாக இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். மழை என்பதைச் சாத்தியமான ஒரு விளக்கம் என்ற அளவில் வைத்துக்கொள்வதே முறை.

நீல நிறக் கோள் ஒன்று இருக்கிறதாமே, கடல் இருக்குமோ?

இல்லை. எச்டி 189733 பி விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது நீல ஒளி மட்டும் சற்றுக் குறைந்ததை 2013-இல் ஹபிள் அளவீடுகள் காட்டின. அந்த நீலம் வளிமண்டலத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. கடல் தங்குவதற்குத் தரையே அங்கு இல்லை. இத்தகைய கோள்கள் பலவும் மிக இருண்டவை. ட்ரெஸ்-2 பி தன்மீது விழும் ஒளியில் ஒரு விழுக்காட்டைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை.

விண்மீனைவிடச் சூடான கோள் என்று படித்தேன். அப்படியென்றால் அதுவும் விண்மீன்தானே?

கெல்ட்-9 பி-யின் பகல் பக்கம் ஏறத்தாழ 4,300 டிகிரி செல்சியஸ். சிறிய, மங்கலான விண்மீன்களான சிவப்புக் குறுமீன்கள் பலவற்றின் மேற்பரப்பைவிட அது அதிகம் என்பது மெய். எனினும் அந்தச் சூடு இரவல். அதன் தாய் விண்மீனின் வெப்பநிலை ஏறத்தாழ 10,000 டிகிரி. கோள் அதை ஒன்றரை நாளில் சுற்றிவருகிறது. விண்மீன் எனப்படுவது தன் உள்ளகத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்துத் தானே ஆற்றலை உண்டாக்க வேண்டும். அதற்கு வியாழனைப் போல ஏறத்தாழ 80 மடங்கு நிறை தேவை. கெல்ட்-9 பி-யிடம் இருப்பது மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு.

விண்மீனுக்கு இவ்வளவு பக்கத்தில் அது எப்படி உருவாகியிருக்க முடியும்?

அங்கேயே உருவாவது கடினம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. பெருங்கோள் உருவாக, முதலில் பூமியைப் போலப் பத்து மடங்கு அளவிலான ஒரு கரு திரள வேண்டும். பிறகு, இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தட்டையான வட்டில் வாயு எஞ்சியிருக்கும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் அது வாயுவை இழுத்துச் சேர்க்க வேண்டும். நீர் பனிக்கட்டியாக உறையும் தொலைவுக்கு அப்பால் திடப்பொருள் மிகுதி என்பதால் இது அங்கே எளிது. விண்மீனின் அருகில் அவ்வளவு பொருள் கிடைப்பது அரிது.

ஆகவே கோள் வெளியே பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும். அதற்கு இரு வழிகள் சொல்லப்படுகின்றன. வாயு வட்டுடன் ஏற்படும் ஈர்ப்பு உறவால் கோண உந்தத்தை (சுற்றியக்கத்தின் உந்தத்தை) இழந்து மெல்ல உள்நோக்கி நகர்வது ஒன்று. மற்றொரு கோளோ துணை விண்மீனோ இழுத்ததால் பாதை மிக நீண்ட நீள்வட்டமாகி, விண்மீனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஓத விசையால் ஆற்றலை இழந்து, படிப்படியாகச் சிறு வட்டமாவது இன்னொன்று. எச்டி 80606 பி இந்த இரண்டாம் வழியின் நடுவில் இருப்பதாகத் தோன்றுகிறது: 111 நாள் சுற்றில் 13 கோடி கிலோமீட்டர் வரை விலகிப்போய், மறுமுனையில் 45 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிவிடுகிறது. அந்த நெருக்கத்தின்போது ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பநிலை பல நூறு டிகிரி உயர்ந்ததை ஸ்பிட்சர் அளந்தது.

எந்த வழி முதன்மையானது என்பது முடிவாகவில்லை. வாஸ்ப்-17 பி தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. அது இரண்டாவதான முரட்டு வழியில் வந்ததற்கான அறிகுறி. வாஸ்ப்-47 குடும்பத்திலோ வெப்ப வியாழனுக்கு உள்ளும் புறமும் சிறு கோள்கள் அருகிலேயே இருப்பது 2015-இல் தெரிந்தது. ஒரு பெருங்கோள் நீள்வட்டப் பாதையில் குறுக்கே வந்துபோயிருந்தால் அவை பிழைத்திருக்க முடியாது. எல்லாக் கோளும் ஒரே வழியில்தான் வந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டும் என்றே இதிலிருந்து எனக்குப் படுகிறது.

நிறை குறைவு, உருவம் மட்டும் பெரிது என்கிறார்கள். எப்படி?

எச்டி 209458 பி-யின் நிறை வியாழனில் 70 விழுக்காடு. ஆரமோ வியாழனைவிட ஏறத்தாழ 38 விழுக்காடு கூடுதல். அதன் சராசரி அடர்த்தி நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மேலே சூடாக இருப்பதால் ஊதியிருக்கிறது என்ற விளக்கம் போதாது, ஏனெனில் ஒளி படும் மேலடுக்கு மெல்லியது. கோள் இவ்வளவு பெரிதாக நீடிக்க ஆற்றல் ஆழத்துக்குச் செல்ல வேண்டும். கடுங்காற்று, அயனியாக்கப்பட்ட வாயுவைக் கோளின் காந்தப்புலத்தினூடே இழுத்துச் செல்வதால் தோன்றும் மின்னோட்டம் உள்ளே வெப்பத்தைச் சேர்க்கிறது என்பது முக்கியமான கருதுகோள்களில் ஒன்று. குறைந்த ஒளி பெறும் பெருங்கோள்கள் இப்படி ஊதியிருப்பதில்லை என்பது மட்டும் அளவீடுகளில் தெளிவாகத் தெரிகிறது.

நிலா பூமியை விட்டு விலகிப்போகிறது. இந்தக் கோள்கள் மட்டும் ஏன் விண்மீனை நோக்கி விழுகின்றன?

இரண்டுக்கும் காரணம் ஓத விசையே. யார் வேகமாகச் சுழல்கிறார் என்பதில்தான் வேறுபாடு. பூமி ஒரு நாளில் தன்னைச் சுற்றிக்கொள்கிறது, நிலா மெதுவாக வருகிறது. எனவே பூமியில் எழும் ஓதப் புடைப்பு நிலாவுக்கு முன்னே ஓடி, அதை முன்னிழுத்து, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் அளவுக்கு விலக்குகிறது. வெப்ப வியாழன் ஓரிரு நாளில் சுற்றிவிடுகிறது; விண்மீனோ பெரும்பாலும் அதைவிட மெதுவாகத் தன்னைச் சுற்றுகிறது. விண்மீனில் எழும் புடைப்பு கோளுக்குப் பின்தங்கி நின்று அதைப் பின்னிழுக்கிறது. ஆற்றலை இழக்கும் கோள் உள்ளே இறங்குகிறது.

வாஸ்ப்-12 பி-யில் இது அளக்கப்பட்டே விட்டது. அதன் சுற்றுக்காலம் 1.09 நாள், அதாவது ஏறத்தாழ 94,300 வினாடி. அது ஆண்டுக்கு 0.029 வினாடி குறைகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தை எப்படிப் பிடிக்க முடியும் என்று கேட்கலாம். பத்தாண்டில் கோள் 3,300-க்கும் மேற்பட்ட சுற்றுகளை முடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமாகும் நொடித்துளிகள் சேர்ந்துகொண்டே வருவதால், பத்தாண்டு முடிவில் கடப்பு எட்டு நிமிடம் முன்னதாகவே நிகழ்ந்துவிடும். 94,300-ஐ 0.029-ஆல் வகுத்தால் 32 லட்சத்துக்குச் சற்று அதிகமான ஆண்டுகள் வரும். கோளுக்கு எஞ்சியிருக்கும் காலத்தின் தோராய அளவு அது.

இத்தகைய கோளுக்கு நிலவுகள் இருக்குமா?

நீடிப்பது கடினம். கோளின் தற்சுழற்சி அதன் சுற்றுக்காலத்துக்குச் சமமாகிவிட்டது என்று மேலே பார்த்தோம். அதன் ஈர்ப்பெல்லைக்குள் நிற்கக்கூடிய எந்த நிலவும் அதைவிட வேகமாகவே சுற்றியாக வேண்டும். ஆகவே முந்தைய விடையில் விண்மீனுக்கும் கோளுக்கும் சொன்னது, இங்கே கோளுக்கும் நிலவுக்கும் அப்படியே பொருந்தும்: நிலவு உள்ளிறங்கிக் கோளில் விழும்.

ஒரு கோள் விண்மீனில் விழுவதை யாராவது உண்மையில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்ததாகக் கருதப்படும் ஒரு நிகழ்வு உண்டு. ஏறத்தாழ 12,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் 2020-இல் சில நாள்களுக்குள் நூறு மடங்கு அளவுக்கு ஒளிர்ந்து அடங்கியது. அதன் பிறகு அகச்சிவப்பு ஒளி நெடுநாள் நீடித்தது. விண்மீன் ஒரு கோளை விழுங்கியதால் இது நிகழ்ந்தது என்று 2023-இல் ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். சாகும் தறுவாயில் விண்மீன் ஊதிப் பெருத்துக் கோளை எட்டிப்பிடித்தது என்பதே முதலில் சொல்லப்பட்ட விளக்கம். 2025-இல் வெளியான ஜேம்ஸ் வெப் அளவீடுகளின்படி, விண்மீன் அப்படிப் பெருத்திருந்தால் இருக்க வேண்டிய பிரகாசம் அதில் இல்லை. ஆகவே விண்மீன் கோளை நோக்கி வரவில்லை, கோள்தான் பாதை சுருங்கிச் சுருங்கி உள்ளே இறங்கியது என்ற விளக்கமே இப்போது வலுப்பெற்றிருக்கிறது. வாஸ்ப்-12 பி-யில் ஆண்டுக்கு 0.029 வினாடியாக நாம் அளந்துகொண்டிருக்கும் சுருக்கமும் அந்த வகையைச் சேர்ந்ததே.